கருதப்படுவர்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். என் இரத்த அழுத்தம் மாத்திரைக்குப் பணிந்து நடக்கிறது. உன் மூட்டுவலி குறைந்ததா, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று எழுது.

தொலைபேசியில் நீ சிரித்துக்கொண்டே பேசுகிறாய். எது சிரிப்பு, எது பதில் என்று என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன். நீயும் எழுதியே அனுப்பு.

உன் பல்கலைக்கழகத்தின் கூட்டு ஒப்பந்த வரைவு எங்கள் முதல்வர் மேசைக்கு வந்துவிட்டது. மனிதர் தரையில் நிற்கவில்லை. என்னை அழைத்து, "சார், தேடி வந்த சம்பந்தம். அதுவும் உங்க தம்பி வழியா. நாம பொண்ணு வீடு, ரொம்பக் கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். கல்லூரியின் சார்பில் பொறுப்பாளன் நான்தானாம்.

கேள்வி கேட்கத்தான் எனக்குச் சம்பளம். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பத்தொன்பது பேருக்குக் கடல் கடந்த உங்கள் ஊரில் முதுநிலைப் படிப்பு, கட்டணம் கிடையாது என்கிறது வரைவு. உலகத்தில் கல்லூரிகளுக்கா பஞ்சம்? மழை பெய்தால் வேதியியல் துறையில் வாளி வைக்கிற இந்தக் கல்லூரி உங்கள் கண்ணில் எப்படிப் பட்டது? எங்களிடமிருந்து உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

நம் ஆய்வக உதவியாளரை உனக்கு நினைவிருக்கும். அவர் மகள் இந்த ஆண்டு எங்கள் துறையில் முதலாவதாகத் தேறியிருக்கிறாள். அரசுப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு முதுநிலை இடமும் கிடைத்திருக்கிறது; ஆகஸ்ட் 16க்குள் சேர வேண்டும். உங்கள் திட்டத்தில் முதல் பெயர் அவளுடையதாகத்தான் இருக்கும். ஆகையால் யோசித்துப் பதில் எழுது.

உன் அண்ணன்

*

ஜூன் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் தேர்வுத்தாள் திருத்தித் திரும்பி வந்ததுபோல் இருந்தது. மாணவர்கள் உங்களுக்கு 'லிட்மஸ்' என்று பெயர் வைத்தது சும்மாவா! மூட்டுவலி பரவாயில்லை. பெரியவன் என்னைவிட உயரமாகிவிட்டான். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்? எங்கள் அலுவலகத்தில் இப்போது எல்லோர் வாயிலும் 'கதவை அகலத் திறப்போம்' என்கிற பேச்சுத்தான். இதுவரை வராத வீடுகளிலிருந்து மாணவர்கள் வரவேண்டும், தொலைவில் உள்ள சிறிய கல்லூரிகளோடு கைகோக்க வேண்டும் என்கிறார்கள். நான் நம் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். சொன்னது தப்பா? இங்கே நாம் கூட்டாளிகள், அண்ணா. நீங்கள்தான் என்னைப் பங்காளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள்.

பெற்றோருக்குப் புரியவேண்டும் என்பதால் ஒப்பந்தத்தை நானே தமிழாக்கி இணைத்திருக்கிறேன். படித்துத் திருத்தி, கடைசிப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். உங்கள் பார்வை பட்டால் எனக்கு நிம்மதி. மாணவர் பட்டியல் ஜூலை முதல் வாரத்திலேயே வேண்டும். படிவத்தையும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி

*

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அண்ணிக்குக் கண்ணில் புரை என்கிறார்கள், அவசரமில்லையாம். அங்கு நீங்கள் அனைவரும் நலமாக இருக்க விரும்புகிறேன்.

உன் தமிழாக்கத்தைப் படித்தேன். நாற்பத்தெட்டு வயதிலும் 'விண்ணப்ப படிவம்' என்றுதான் எழுதுகிறாய். இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஓர் ஒற்றுப் போட்டால் உன் கை தேய்ந்துவிடுமா? பதினோர் இடங்களில் ஒற்றுப்பிழை திருத்தியிருக்கிறேன். திருத்தியபின் நடை பரவாயில்லை. கையெழுத்தும் இட்டுவிட்டேன்.

நேற்றுப் பெற்றோர் கூட்டம் நடந்தது. தமிழ்ப் படியை உரக்கப் படித்துக் காட்டினேன். 'பட்டியலில் உள்ளோர் பல்கலைக்கழகத்தின் மாணவர்களாகக் கருதப்படுவர்' என்ற நான்காம் பிரிவு வந்ததும் பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். ஆய்வக உதவியாளர் மட்டும் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, கையெழுத்து?" என்றேன்.

"எனக்கு இந்த எழுத்தெல்லாம் வேணாம் சார். நீங்க படிச்சீங்களா? படிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போட்டுடறேன்."

"படித்தேன்" என்றேன். போட்டார்.

இனி என் சந்தேகம். உங்கள் பட்டியல் படிவத்தில் பதினான்கு பத்திகள். தகப்பனார் என்ன வேலை செய்கிறார், தாயார் எதுவரை படித்தார், வீட்டில் எத்தனை அறைகள், குடும்பத்தில் இதற்கு முன் யாராவது கல்லூரிக்குப் போனதுண்டா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தியும் இல்லை. மாணவரைத் தேர்ந்தெடுக்கிறவன் மதிப்பெண் கேட்காமல் வீட்டில் எத்தனை அறை என்று கேட்பானா?

பட்டியல் இத்துடன் இருக்கிறது. பதில் வரவேண்டும்.

உன் அண்ணன்

*

ஜூலை 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணியின் கண்ணைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கே நல்ல வெயில், நால்வரும் நலம்.

பட்டியல் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து எங்கள் இயக்குநருக்கு மிகுந்த மகிழ்ச்சி. சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தார் இருவர் வந்து படமெடுத்துச் சென்றதில் உங்களுக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லையே? மதிப்பெண்ணைப் பிறகு கேட்பார்கள். அது ஒரு பெரிய விஷயமில்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களில் ஒருவர் பெயர் பதிவாகியிருந்தால் இங்கே விதி ஒப்பாது. வேறிடத்தில் இடம் வாங்கியிருப்பவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள். சேர்க்கைக் கடிதங்கள் உரிய காலத்தில் வரும்.

மற்றவை நேரில். டிசம்பரில் வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
தம்பி

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் உன் குடும்பமும் நலமென்று எண்ணிக்கொள்கிறேன்.

இந்த மாதம் பதினான்காம் தேதி அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். கையில் அரசுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைச் சீட்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? நாங்க சேர்ந்தாச்சா, இல்ல சேரப் போறோமா?"

"நான்காம் பிரிவை நீயே படித்தாயே. மாணவர்களாகக் கருதப்படுவர் என்று இருக்கிறது."

"கருதப்படுவோம், சரி. ஆனா லெட்டர் வரலையே சார்?"

"வரும். இரண்டிடத்தில் பெயர் இருக்கக் கூடாதாம். அதை விட்டுவிடு."

"நீங்க சொன்னா விட்டுடறேன்" என்றாள். பதினாறாம் தேதி கடந்தது. அவள் இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் இருந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று உங்கள் ஆண்டு மலர் முதல்வருக்குத் தபாலில் வந்தது. பளபளப்பான தாள். நடுப்பக்கம் முழுவதும் எங்கள் ஆய்வகம். இரவல் வெள்ளை அங்கியில் பத்தொன்பது பேரும் காலிக் குடுவைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே 'எங்கள் மாணவர்கள்' என்றும், 'இவ்வாண்டு எங்கள் கதவு முன்னெப்போதையும்விட அகலத் திறந்தது' என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். முதல்வர் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்துவிட்டார்.

உங்கள் வகுப்புகள் செப்டம்பரில் தொடங்குகின்றன. இன்று ஆகஸ்ட் 25. ஒருவருக்கும் கடிதம் இல்லை, பயணத் தேதி இல்லை. ஆனால் மலரில் மட்டும் இவர்கள் உங்கள் மாணவர்கள்.

எனக்கு ஒரு தேதி வேண்டும். வேறெதுவும் எழுதாதே.

உன் அண்ணன்

*

செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சின்னவளுக்குக் காய்ச்சல், எனக்கும் தொற்றிக்கொண்டது, அதனால் தாமதம். அண்ணியின் கண் எப்படி இருக்கிறது? உங்கள் மாத்திரையை நேரம் தவறாமல் போடுங்கள்.

குழு அக்டோபரில் கூடும் என்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாக இருங்கள். பையன்களையும் பெண்களையும் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்.

டிசம்பரில் விடுமுறை கிடைக்காதுபோல் இருக்கிறது.

அன்புடன்,
தம்பி

*

அக்டோபர் 12

தம்பிக்கு,

அண்ணிக்குக் கண் அறுவை நல்லபடி முடிந்தது. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். உன் காய்ச்சலைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை.

தேதி கேட்டேன். முப்பத்தைந்து நாள் கழித்து ஒரு நலவிசாரணை வந்தது. அதன்பிறகுதான், ஜூன் மாதமே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஆங்கில மூலத்தையும் உன் தமிழையும் ஆய்வக மேசையில் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன்.

நான்காம் பிரிவு. மூலத்தின்படி, இவர்கள் பல்கலைக்கழகத்தின் அறிக்கைகளுக்காக மட்டும் மாணவர் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளப்படுவர். நீ எழுதியது: 'மாணவர்களாகக் கருதப்படுவர்.' அறிக்கைக்காக மட்டும் என்ற பகுதியே தமிழில் இல்லை.

ஒன்பதாம் பிரிவு. மூலத்தில் 'மே பி கன்சிடர்ட்' என்று இருக்கிறது. இடம் காலியாக இருந்தால், குழு விரும்பினால், இவர்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படலாம் என்று பொருள். நீ எழுதியது: 'சேர்க்கைக்குக் கருதப்படுவர்.'

ஆக, இரண்டு பிரிவுக்கும் ஒரே சொல். உங்கள் கணக்கில் இவர்கள் ஏற்கெனவே மாணவர்கள். உங்கள் வகுப்பறையில் இவர்களுக்கு நாற்காலி கிடையாது. இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிட்டாய். படித்துக் காட்டியவனும் ஏமாந்தான், கேட்டவர்களும் ஏமாந்தார்கள். 'பரிசீலிக்கப்படலாம்' என்பதில் 'லாம்' என்று இரண்டு எழுத்து இருக்கிறது. அந்த இரண்டெழுத்தை நம்பித்தான் உன் பல்கலைக்கழகம் வாக்கு எதையும் மீறாமல் நிற்கிறது. அதை நீ தமிழில் விழுங்கிவிட்டாய். பதினோர் ஒற்றைத் தேடிப் பிடித்துச் செருகிய நான், இரண்டு எழுத்து காணாமல் போனதைப் பார்க்கவில்லை. கீழே என் கையெழுத்து. அதற்கு மேலே 'சரிபார்க்கப்பட்டது.'

நீ தமிழ் தெரியாதவன் இல்லை. பள்ளியில் இலக்கணத்தில் நூற்றுக்கு எண்பத்தாறு வாங்கியவன். ஆகவே இதைத் தவறு என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்த முயலாதே. வீட்டு அறைகளை ஏன் எண்ணினீர்கள் என்பதும் எனக்கு இப்போது விளங்குகிறது. உங்களுக்கு வேண்டியது மாணவர்கள் அல்லர்; ஏழை வீடுகளின் எண்ணிக்கை. அது ஒரு கடிதத்தில் வந்து சேர்ந்துவிட்டது. அதன்பிறகு அவர்கள் ஏன் வரவேண்டும்?

ஒரே கேள்வி. எழுதும்போதே உனக்குத் தெரியுமா? ஆம், இல்லை இரண்டில் ஒன்றை எழுது.

அண்ணன்

*

நவம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணிக்குக் கண் சரியானதில் மகிழ்ச்சி. இங்கே சின்னவள் பள்ளிக்குப் போகிறாள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆம், இல்லை என்று எழுதுவதற்கு நான் உங்கள் மாணவன் இல்லை. இங்கே என் நிலைமை உங்களுக்குத் தெரியாது. பதினாறு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். என் வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. இதை நான் உங்களுக்கு எழுதியதே இல்லை. தம்பி வெளிநாட்டில் நிரந்தர உத்தியோகத்தில் இருக்கிறான் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லும்போது நான் எப்படி எழுதுவது? ஒவ்வொரு மே மாதமும் இயக்குநர் என்னிடம் ஓர் எண்ணிக்கை கேட்பார். இந்த ஆண்டு, ஜூலைக்குள் பத்தொன்பது பேர் பட்டியல் தருகிறேன் என்றேன். புதுப்பித்தார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோப்பில் தமிழ்ப் படியின் பொறுப்பாளர் பெயராக இருப்பது உங்களுடையது. உங்களை மாட்டிவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

இந்த ஆண்டு யாரையும் பரிசீலிக்கும் எண்ணம் இங்கே இல்லை. ஆனால் ஒருவரைச் சிறப்பு அனுமதியில் என்னால் உள்ளே கொண்டுவர முடியும். மதிப்பெண்களை வரவழைத்துப் பார்த்துவிட்டேன். பத்தொன்பது பேரில் ஆய்வக உதவியாளர் மகள்தான் முதலிடம், முழுத் தகுதியும் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஜனவரியில் அவளுக்கு இடம் வாங்கித் தருகிறேன். நீங்கள் இந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிட வேண்டும். யாருக்கும் எழுதக் கூடாது.

அவளுக்காகவாவது யோசியுங்கள்.

தம்பி

*

நவம்பர் 19

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். அப்பாவும் நானும் நலம். உங்கள் கடிதமும், உங்கள் தம்பி எழுதிய கடிதத்தின் நகலும் கிடைத்தன. நேரில் கேட்டால் நான் தலையாட்டிவிடுவேன் என்பதால் எழுத்தில் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். உண்மைதான். போன முறை அப்படித்தான் தலையாட்டினேன்.

நான் இப்போது ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஊதியம் பரவாயில்லை. ஆனால் எனக்கு வேதியியல் படிக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் போய்க் கேட்டேன். "நீயாத்தானேம்மா எழுதிக் குடுத்துட்டுப் போன? அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை எழுதி வா" என்றார்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

அந்த இடம் எனக்கு வேண்டும், ஐயா. வேண்டாம் என்று நான் சொல்வேன், அப்படிச் சொன்னால் உங்களுக்கு மனம் லேசாகும் என்று நினைத்திருந்தால் மன்னியுங்கள். எனக்குத் தகுதி இருக்கிறது என்று உங்கள் தம்பியே எழுதியிருக்கிறார். அப்படியானால் அது எனக்கு வரவேண்டியதுதானே? அதை அவர் ஏன் பரிசு மாதிரி தருகிறார்?

நீங்கள் எழுத வேண்டியதை எழுதுங்கள். எனக்கு இடம் வேண்டும் என்பதும், மற்ற பதினெட்டுப் பேருக்கு உண்மை தெரியவேண்டும் என்பதும் வேறு வேறு. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் உங்கள் தம்பி. அதை நான் ஏன் அவிழ்க்க வேண்டும்?

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சார் படிச்சேன்னு சொன்னாரே" என்று மட்டும் சொன்னார். பிறகு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி

*

ஜனவரி 14

தம்பிக்கு,

நாங்கள் நலம். அண்ணி கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்கிறாள். உன் மூட்டுவலிக்குக் குளிர்காலம் ஆகாது, கவனித்துக்கொள்.

நவம்பர் 22 அன்று உன் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு நான் எழுதியதும், அதன்பின் உன்னை விசாரித்ததும் உனக்குத் தெரியும். நான் என்ன எழுதினேன் என்பதை நீ என் கையாலேயே தெரிந்துகொள்வதுதான் முறை. முதல் வரி இது: 'இத்தமிழாக்கத்தை மூலத்தோடு ஒப்பிடாமலே சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டவன் நான்; இத்தவறில் முதல் பொறுப்பு என்னுடையது.' இரண்டாம் வரியில் தமிழாக்கியவன் யார் என்று எழுதினேன். உன் ஜூலைக் கடிதத்தையும் நவம்பர்க் கடிதத்தையும் மொழிபெயர்ப்புடன் இணைத்தேன். அந்தப் பெண்ணுக்கு முழுத் தகுதியும் இருக்கிறது, சந்தேகமே இல்லை என்று நீ எழுதிய வரியின்கீழ்க் கோடிட்டேன். அலுவலரே எழுத்தில் ஒப்புக்கொண்ட தகுதியை உங்களால் எந்தக் காரணம் காட்டி மறுக்க முடியும் என்றும் கேட்டேன். என்னை விலைக்கு வாங்க நீ எழுதிய வரி அவளுக்குப் பயன்பட்டது.

பதில் மிகவும் பண்பாக வந்தது. உங்கள் ஊரில் பண்புக்குக் குறைவில்லை. பத்தொன்பது விண்ணப்பங்களையும் பரிசீலித்தார்களாம். நான்கு பேருக்கு இடம். அவள் அதில் ஒருத்தி. பதினைந்து பேருக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். ஆண்டு மலரைத் திரும்பப் பெற்றதாக ஒரு சொல்லும் இல்லை. உன் பணி மே மாதத்துக்குப் பிறகு நீட்டிக்கப்படாது என்பதைக் கடைசிப் பத்தியில், எனக்கு அது நற்செய்தி என்பதுபோல் எழுதியிருந்தார்கள். எனக்கு அது நற்செய்தி இல்லை. உன் இயக்குநரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதையும் கவனித்தேன். எண்ணிக்கை கேட்டவர் பத்திரமாக இருக்கிறார். அவரைப் பற்றி மீண்டும் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை எழுதிக்கொண்டிருப்பேன்.

பதினைந்து வீட்டுக்கும் நானே போனேன். யாரும் திட்டவில்லை. தேநீர் கொடுத்தார்கள். தையற்காரர் ஒருவர், "பரவாயில்ல சார், பெரியவங்க நீங்களே ஏமாந்துட்டீங்க, நாங்க எம்மாத்திரம்?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் மகன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். துறைத்தலைவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். முதல்வருக்கு அதில் வருத்தம். சட்டம் போட்ட படத்தைக் கழற்றச் சொன்னதில் அதைவிட வருத்தம்.

நேற்று மாலை அந்தப் பெண் விடைபெற வந்தாள். இருபத்தோராம் தேதி அங்கு வந்து இறங்குகிறாள். நீ விமான நிலையத்துக்குப் போக வேண்டாம். போனால் அவள் மரியாதையாகத்தான் பேசுவாள். உன்னால் அதைத் தாங்க முடியாது.

சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டது என்றாள். கையில் நீலக் கோப்பு வைத்திருந்தாள். எதிலாவது 'நிபந்தனைக்கு உட்பட்டு' என்று போட்டிருப்பார்கள், எதையாவது இரண்டு பொருளில் எழுதியிருப்பார்கள், மூலத்தை நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று கை நீட்டினேன்.

அவள் கோப்பைத் திறக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபம் ஒன்றுமில்லை.

"வேணாம் சார்" என்றாள். "நானே படிச்சிட்டேன்."

அண்ணன்